கும்பிடுபூச்சிக் குங்ஃபூ: ஏழு நட்சத்திரம், மெய்ஹுவா, லியூஹ... உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

#1 மீனா கிள்ளான்

எல்லாருக்கும் வணக்கம். தாங்லாங், அதாவது கும்பிடுபூச்சிக் குங்ஃபூ பயிலும் ஆட்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருப்பதைப் பழைய இழை ஒன்றில் பார்த்தேன். அவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஒன்றரை வருடம் ஏழு நட்சத்திரப் பிரிவில் பயின்றேன். என் சிஃபு, அதாவது ஆசான், குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார். அரை மணி நேர பஸ் தூரத்தில் இன்னொரு வகுப்பு கிடைத்தது. அதுவும் கும்பிடுபூச்சிதான், ஆனால் மெய்ஹுவா பிரிவு. முதல் நாளே புதிய சிஃபு, “பெங்பூ தெரியுமா?” என்று கேட்டார். பெங்பூ ஒரு பயிற்சி வரிசை. தெரியும் என்று செய்து காட்டினேன். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் அவருடைய பெங்பூவைச் செய்தார்.

பெயர் அதே. நகர்வுகளும் முக்கால்வாசி அடையாளம் தெரிந்தன. ஆனால் நான் முன்காலின் குதிகாலை ஊன்றி, விரல்களைத் தூக்கி, ஒரு நொடி நிற்கும் இடத்தில் அவர் நிற்கவே இல்லை. சுழன்று உள்ளே போய்விட்டார். நான் ஒரு பிடி, ஒரு குத்து என்று எண்ணும் இடத்தில் அவர் கை மூன்று தடவை போய் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடினால் இன்னும் குழப்பம். ஏழு நட்சத்திரம், மெய்ஹுவா, தாய்ச்சி, தாய்ச்சி மெய்ஹுவா, எட்டடி, லியூஹ, போதாததற்குத் தெற்குக் கும்பிடுபூச்சி. இவை எல்லாம் ஒரே கலையா? ஒன்றரை வருடம் பழகியதை நான் மறக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வடகரையான்

வாங்க மீனா. முதலில் ஒன்று. எதையும் மறக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஏழு நட்சத்திரம் பழகுகிறேன், சிங்கப்பூரில். இந்தக் கலை பிறந்த பக்கமான சீனாவின் யந்தாய்க்கும் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த பேச்சு இது.

நீங்கள் சொன்ன பட்டியலில் தெற்குக் கும்பிடுபூச்சியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது வேறு குடும்பம், பின்னால் பார்ப்போம். மீதி எல்லாவற்றுக்கும் பிறந்த வீடு ஒன்றுதான்: ஷாண்டோங் மாகாணத்தின் கிழக்கு முனை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தீபகற்பத்தில் லாய்யாங், ஹாய்யாங், யந்தாய், ஹுவாங்ஷியன் என்று சில ஊர்கள். நாம் வாதாடும் பிரிவுகள் எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்துக்குள் பிறந்தவை.

மெய்ஹுவா வழியின் வம்சாவளி இப்படிப் போகிறது. 18ஆம் நூற்றாண்டில் லாய்யாங்கைச் சேர்ந்த லீ பிங்ஷியாவ். அவர் மாணவர் ஜாவ் ஜூ. அவர் மாணவர் ஹாய்யாங்கைச் சேர்ந்த லியாங் ஷுவேஷியாங் (1810–1895). சரக்கு வண்டிகளைக் கொள்ளையரிடமிருந்து காத்து ஊர் சேர்க்கும் காவல் தொழில் செய்தவர் லியாங். தன் கையால் எழுதிய பயிற்சி ஏடுகளையும் விட்டுப் போனார். கும்பிடுபூச்சி வரலாற்றில் கால் ஊன்றி நிற்கக்கூடிய இடம் இவர்தான் என்பது என் எண்ணம். அவருடைய மாணவர்களில் இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்: ஜியாங் ஹுவாலோங், ஹாவ் லியான்ரூ. இன்று மெய்ஹுவா, தாய்ச்சி, தாய்ச்சி மெய்ஹுவா, எட்டடி என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த இருவரையும் இவர்களைச் சுற்றி இருந்தவர்களையும் தொட்டுத்தான் வருகின்றன.

ஏழு நட்சத்திரம் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. வாங் ரோங்ஷெங், அவரிடமிருந்து ஃபான் ஷுதோங் (1841–1925), அவரிடமிருந்து லுவோ குவாங்யூ (1888–1944). ஃபான் மலை போன்ற உடம்புக்காரர். ஷாங்ஹாயின் ஜிங்வூ என்ற தற்காப்புக்கலைச் சங்கத்தார் வந்து அழைத்தபோது அவருக்கு எண்பது நெருங்கிவிட்டது. அதனால் மாணவர் லுவோவை அனுப்பினார். அது 1919. ஜிங்வூ வழியாகத்தான் ஏழு நட்சத்திரம் ஹாங்காங்குக்கும், பிறகு நம் பக்கத்து ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. நம்மூரில் கும்பிடுபூச்சி என்றாலே ஏழு நட்சத்திரம் என்று பலர் நினைப்பதற்குக் காரணம் அந்த ஒரு அழைப்புதான்.

பெங்பூ, லான்ஜியே, பாஜோ என்னும் எட்டு முழங்கை, இந்த வரிசைகள் இரண்டு பக்கமும் உண்டு. (கராத்தேக்காரர்கள் கட்டா என்பதைத்தான் வரிசை என்கிறேன். குத்துவரிசையில் நாம் சொல்லும் சொல்தானே.) ஒரே வரிசை இரண்டு வீட்டிலும் இருக்கிறது என்றால் இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து இருந்திருக்கிறது. உங்கள் புதிய சிஃபு பெங்பூவைத்தான் முதலில் கேட்டார், பாருங்கள். விஷயம் தெரிந்தவர்.

#3 குமரேசன்

வடகரையான் அண்ணா, வாங் லாங் என்ற வீரர் ஒரு கும்பிடுபூச்சி சில்வண்டோடு சண்டை போடுவதைப் பார்த்துத்தான் இதை உருவாக்கினார் என்று படித்திருக்கிறேன். நீங்கள் 18ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறீர்களே?

#4 வடகரையான்

குமரேசன், அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். தோற்றுப்போன வாங் லாங் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், பூச்சி சில்வண்டை மடக்கியதைப் பார்த்தார், ஒரு புல்லை நீட்டி அதன் முன்கால்கள் எப்படி மடங்கி வெட்டுகின்றன என்று கவனித்தார், பிறகு குரங்கின் காலடியைச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். ஆனால் சிலர் அவரைச் சோங் காலத்தில் வைக்கிறார்கள், சிலர் மிங் ஆட்சி முடிந்த காலத்தில். இடையில் ஐந்நூறு வருடத்துக்கும் மேல் ஓடிப்போகிறது. அதனால் வணங்குவதற்கு வாங் லாங், வம்சம் எண்ணுவதற்கு லீ பிங்ஷியாவ் என்று நான் பிரித்து வைத்துக்கொண்டேன்.

பழைய ஏடுகளில் பதினெட்டுக் குருமார் என்று ஒரு பாட்டு வரும். சோங் பேரரசர் தாய்ட்சுவின் நீள்குத்தில் தொடங்கி, இன்னாருடைய உதை, இன்னாருடைய பிடி என்று அடுக்கி, கடைசியில் இவற்றை எல்லாம் வெல்வது வாங் லாங்கின் கும்பிடுபூச்சி என்று முடியும். அந்தப் பட்டியலில் லின் சோங், யான் சிங் இரண்டு பேரும் இருக்கிறார்கள். இருவரும் பழைய சீன நாவலின் பாத்திரங்கள். ஆகவே அதைப் பிறப்புச் சான்றிதழாகப் படிக்கக் கூடாது. நீளக் குத்து, ஒட்டிப் பிடிப்பது, கால் வாங்குவது எல்லாமே எங்களிடம் உண்டு என்று ஒரு கலை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதாகப் படித்தால் பாட்டு அழகாகப் பொருள் தரும்.

#5 மீனா கிள்ளான்

நன்றி அண்ணா. வம்சாவளி புரிந்தது. ஆனால் உடம்பில் என்ன வித்தியாசம்? அங்கேதான் நான் தடுமாறுகிறேன்.

#6 வடகரையான்

சரி, உடம்புக்கு வருவோம். ஒரே ஒரு அசைவை எடுத்துக்கொள்கிறேன்: கோ, லோ, ட்சாய். எல்லாப் பிரிவிலும் முதல் மாதமே சொல்லித்தரும் அசைவு. எதிராளி குத்துகிறான். உங்கள் முன்கை அவன் மணிக்கட்டில் கொக்கி போட்டுத் திசை மாற்றுகிறது, அது கோ. மறுகை அவன் முழங்கைப் பக்கம் வந்து வாரி அணைக்கிறது, அது லோ. பிறகு பிடித்துக் கீழ்நோக்கிப் பறிக்கிறீர்கள், கிளையிலிருந்து காய் பறிப்பது போல, அது ட்சாய். பறிக்கும்போதே குத்து போய்விடுகிறது.

ஏழு நட்சத்திரத்தில் இதை வாங்கிக்கொள்பவன் என்ன உணர்வான்? முதலில் மணிக்கட்டில் ஒரு வெட்டு. நம் கொக்கி வருடுவதில்லை, வெட்டி இறங்கும். அடுத்து, மேலே என்ன நடக்கிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே அவன் முன்கால் மாட்டிக்கொள்ளும். நீங்கள் குதிகால் ஊன்றி விரல் தூக்கி நிற்கிறீர்களே, அந்த நிலைக்குத்தான் ஏழு நட்சத்திர நிலை என்று பெயர். நம்மவர்கள் சப்தரிஷி மண்டலம் என்று காட்டும் அதே ஏழு மீன்கள். பாதம் அவன் கணுக்காலுக்குப் பின்னால் கொக்கியாகி, உங்கள் முழங்கால் அவன் காலை முன்னாலிருந்து அழுத்தும். மேலே பறி, கீழே பூட்டு. அந்த ஒரு நொடி நிற்பது வேலை செய்யும் நொடி. ஆகவே நீங்கள் நின்றது தவறே இல்லை.

மெய்ஹுவாக்காரர் கையில் அதே அசைவு வேறு மாதிரி இருக்கும். யந்தாயில் கடலோரப் பூங்கா ஒன்றில், காலை ஆறு மணிக்கு, ஹாவ் குடும்ப வழியில் பயின்ற பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் காட்டினார். எழுபதைத் தாண்டியவர், துணிக் காலணி, ஒரு கையில் தேநீர்க் குப்பி. குத்தச் சொன்னார். குத்தினேன். வெட்டு விழவில்லை. கை கையில் படிந்தது, அவ்வளவுதான். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தபோது கூடவே வந்தது. முழங்கை வந்தது, தோள் வந்தது, மார்பில் மூன்று தட்டு விழுந்தது. மூன்றில் எது முதலில் விழுந்தது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. தேநீர் கொட்டவில்லை. அந்தப் பெரியவர் எங்கேயும் நிற்கவில்லை. இடுப்பு சுழன்றுகொண்டே இருந்தது, கால் வளைந்து வளைந்து நான் நின்ற இடத்துக்கே வந்துவிட்டது.

மெய்ஹுவா என்றால் பிளம் பூ. ஐந்து இதழ். ஒரு அடி விழுந்தால் அதோடு ஒட்டி அடுத்தடுத்து அடிகள் கொத்தாக வர வேண்டும் என்பது பெயருக்கு அவர்கள் தரும் விளக்கம். அன்று மார்பில் வாங்கிய பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

#7 செந்தூரன்

வணக்கம். நான் டொரொன்டோவில் இருக்கிறேன், எட்டடிப் பிரிவு. வடகரையான் அண்ணை எழுதினதில் இரண்டு விஷயம் கூட்டிச் சொல்ல வேணும்.

ஒன்று, தாய்ச்சி என்ற பெயர். மீனா, அதைப் பார்த்துவிட்டுப் பூங்காவில் மெல்ல மெல்லச் செய்யும் தாய்ச்சியோடு இதைச் சேர்த்து யோசிக்க வேண்டாம். இங்கே அந்தச் சொல் யின்-யாங் தத்துவத்தைத்தான் குறிக்குது, அந்தப் பூங்காத் தாய்ச்சியின் சென் குடும்பத்தையோ யாங் குடும்பத்தையோ குறிக்கேல்லை. அதே லியாங் வழி மரத்தின் கிளைகளை ஒரு ஊரில் மெய்ஹுவா என்பார்கள், இன்னொரு ஊரில் தாய்ச்சி என்பார்கள், ஹாவ் குடும்பத்தார் இரண்டையும் சேர்த்துத் தாய்ச்சி மெய்ஹுவா என்பார்கள். லாய்யாங்கின் மூன்று மலைகள் என்று மூன்று பேர் இருந்தவை: லீ குன்ஷான், வாங் யூஷான், சூய் ஷோஷான். மூன்று பேருடைய பெயரும் ஷான், அதாவது மலை என்று முடியும். ஒரே ஊர், ஒரே காலம், ஒன்றாகப் பழகினவை. லீ குன்ஷான் தாய்வான் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஆட்கள் மெய்ஹுவா என்கிறார்கள். ஊரில் இருந்துவிட்ட மற்ற இருவரின் ஆட்களிடம் தாய்ச்சி என்ற பெயரும் கேட்கும். பெயரை வைத்துச் சண்டை பிடிக்கிறவர்கள் இந்த மூன்று மலைகளையும் ஒருக்கால் நினைக்க வேணும்.

ஹாங்காங்கில் இருந்த சியூ சுக் காயும் (1900–1991) தாய்ச்சி கும்பிடுபூச்சி என்றுதான் சொல்லிக்கொடுத்தார். வியட்நாமிலும் கொஞ்சக் காலம் சொல்லிக்கொடுத்தவர்.

இரண்டாவது, எங்கட எட்டடி. சீனத்தில் பாபூ. மேலே சொன்ன ஜியாங் ஹுவாலோங்குக்குத் தொங்பெய் என்ற குங்ஃபூ தெரிந்த ஒரு நண்பரும் பாகுவா என்ற குங்ஃபூ தெரிந்த ஒரு நண்பரும் இருந்தவை. அவர்கள் கூடி, கும்பிடுபூச்சியின் கை நல்லது, கால் போதாது என்று யோசித்திருக்கிறார்கள். கை வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, தூரத்தைச் சட்டென்று மூடும் எட்டு விதக் காலடியைச் சேர்த்தார்கள். ஜியாங்கின் மாணவர் ஃபெங் ஹுவான்யீ, அவருடைய மாணவர் வெய் ஷியாவ்டாங். வெய் தாய்வானுக்குப் போய் அங்கே கனக்கப் பேருக்குச் சொல்லிக்கொடுத்து 1984இல் காலமானார். இன்று வெளிநாடுகளில் எட்டடி இருக்கிறதென்றால் பெரும்பாலும் அவர் வழிதான்.

ஏழு நட்சத்திரக்காரர் கிட்ட வந்தவனைப் பூட்டுவார்கள். நாங்கள் இரண்டு எட்டுத் தள்ளி நிற்கிறவனிடமே போய்விடுவோம். நான் முதல் ஆறு மாதம் கை ஒன்றும் படிக்கேல்லை. சறுக்கி முன்னே போவது, குறுக்கே போவது, திரும்புவது, அவ்வளவும்தான். முழங்கால் நோவில் படி ஏற ஏலாமல் இருந்தது. ஆனால் இப்போது யோசித்தால் அந்த ஆறு மாதத்துக்குத்தான் நான் ஆசிரியருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

#8 குமரேசன்

அப்படியானால் கால்தான் பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது, கை எல்லாருக்கும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா?

#9 வடகரையான்

முக்கால் பங்கு சரி, குமரேசன். கைக்கு எல்லாருக்கும் பொதுவாகப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. கோ, லோ, ட்சாய் மூன்றும் அந்த வரிசையின் முதல் மூன்று. நடுவில் நுழை, நொறுக்கு, அடி என்ற வகைச் சொற்கள் வரும். கடைசி நான்கு ஒட்டு, பற்று, படி, சாய். நான் இதை என் மாணவர்களுக்குச் சொல்லும் விதம் இது, ஏட்டில் இப்படி இல்லை: ஏழு நட்சத்திரம் முதல் மூன்று சொல்லில் குடியிருக்கிறது. மெய்ஹுவா நடுவில் உள்ள சொற்களில். கடைசி நான்கில் குடியிருப்பவர்கள் லியூஹக்காரர்கள். எல்லாரிடமும் பன்னிரண்டும் உண்டு, வீடு மட்டும் வேறு வேறு.

லியூஹ தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் வெளியிலிருந்து பார்த்தவன், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

#10 அகிலா

நான் இருக்கிறேன். நான்கு வருடம்தான் ஆகிறது, ஆகவே மாணவியாகவே எழுதுகிறேன்.

லியூஹ என்றால் ஆறு இசைவுகள். மூன்று வெளியே: கையும் பாதமும், முழங்கையும் முழங்காலும், தோளும் இடுப்பும். மூன்று உள்ளே: மனமும் எண்ணமும், எண்ணமும் மூச்சும், மூச்சும் வலுவும். ஷிங்யீ என்ற இன்னொரு சீனத் தற்காப்புக் கலை பயில்பவர்களும் இதே ஆறைத்தான் சொல்வார்கள்.

எங்கள் வழி ஜியாங், ஹாவ், ஃபான் யாரையும் தொடாமல் தனியாக வருகிறது. மூலவர் வெய் தெலின். விரல்களுக்கிடையே வாத்துக்காலில் இருப்பது போலச் சவ்வு இருந்ததால் வாத்துக்கை வெய் என்று அழைக்கப்பட்டார் என்பார்கள். அவரிடமிருந்து லின் ஷிச்சுன். லின் ஹுவாங்ஷியனில் ஒரு பெரிய பணக்கார வீட்டுக்குக் காவலாக வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைதான் டிங் ட்சிசெங். வாசலில் காவல் இருந்தவரிடம் எசமான் வீட்டுப் பிள்ளை மண்டியிட்டுப் பாடம் கேட்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். டிங்கின் மாணவர்களில் ஷான் ஷியாங்லிங் பெய்ஜிங்கில் சொல்லிக்கொடுத்தார், ஜாங் ஷியாங்சான் தாய்வானில். பாஜிச்சுவான் என்ற வேறொரு குங்ஃபூ உலகில் பெரிய பெயரான லியூ யுன்ச்சியாவும் டிங்கிடம் இதைக் கற்றவர்.

எங்களிடம் பெங்பூ கிடையாது, மீனா. வரிசைகளே வேறு: தியே ட்சி என்னும் இரும்பு முள், துவான் சுய் என்னும் குறுங்குத்து, யே தி ட்சாங் ஹுவா என்னும் இலையடியில் ஒளிந்த பூ. அந்தக் கடைசிப் பெயர் எங்கள் பிரிவின் குணத்தையே சொல்லிவிடுகிறது. கைக்கு அடியில் இன்னொரு கை. படங்களில் வரும் கும்பிடுபூச்சிக் கையை, அந்த வளைந்த விரல்களை, எங்கள் வகுப்பில் தேடினால் அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். ஒருவர் தற்செயலாக எட்டிப் பார்த்தால் இது கும்பிடுபூச்சி என்றே சொல்ல மாட்டார்.

வடகரையான் அண்ணா சொன்ன அதே கோ-லோ-ட்சாயை எங்கள் ஆசிரியர் என்மேல் செய்யும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிடித்தது தெரியாது. நனைந்த துணியைக் கைமேல் போட்டது போல ஒரு கனம், அவ்வளவே. ஆனால் என் தோள் முன்னே சாய்ந்துவிட்டது என்று கால் எனக்குச் சொல்லும். அதைச் சரிசெய்ய நான் பின்னுக்குச் சாயும் அந்தக் கணத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார். அந்தச் சாய்வோடு சேர்த்துத் தள்ளிவிடுவார். முதல் வருடம் முழுக்க “நான் எங்கே தப்பு செய்தேன்?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். “பிடிக்க வந்ததுதான் தப்பு” என்றார் ஒரு நாள்.

#11 மீனா கிள்ளான்

அகிலா அக்கா, படிக்கும்போதே தோளில் உணர்ந்தேன். வலையொளியில் போட்டிகளில் கும்பிடுபூச்சி செய்பவர்களைப் பார்க்கிறேன். கண்ணை உருட்டி, தலையை வெட்டி வெட்டித் திருப்பி, பூச்சி மாதிரியே நிற்கிறார்கள். அது எந்தப் பிரிவு?

#12 வடகரையான்

மீனா, அது போட்டிக்காக அமைத்த வரிசை. நடுவர் தூரத்திலிருந்து மதிப்பெண் போட வேண்டும், ஆகவே உருவம் பெரிதாக வேண்டும், தாவல் உயரமாக வேண்டும். அதைச் செய்பவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன், அந்த உடம்பு எனக்கு எந்தக் காலத்திலும் வாய்த்ததில்லை. ஆனால் பழைய பிரிவுகள் எதிலும் பூச்சியைப் போல நடிக்கச் சொல்வதில்லை. பூச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது முன்காலின் மடக்கும் வெட்டும், அப்புறம் இரை தானே பக்கத்தில் வரும்வரை ஆடாமல் இருக்கும் பொறுமை. இவ்வளவுதான். தோட்டத்தில் ஒரு கும்பிடுபூச்சியைப் பத்து நிமிடம் பாருங்கள், அது கண்ணை உருட்டுவதே இல்லை.

#13 தனிமரம்

தெற்குக் கும்பிடுபூச்சியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார் வடகரையான். எடுத்து வைத்ததை நான் வாங்கிக்கொள்கிறேன். கோலாலம்பூரில் எங்கள் பழைய குடியிருப்பில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஹக்கா என்ற சீனச் சமூகத்தவர். அவரிடம் நான்கு வருடம் சௌ கார் பழகினேன்.

இது வடக்கே உள்ள ஷாண்டோங்கோடு எந்த உறவும் இல்லாதது. தென்சீன மாகாணமான குவாங்தோங்கின் கிழக்கு ஆற்றுப் பக்கம், ஹுய்சோ வட்டாரத்து ஹக்கா மக்களின் கலை. சௌ கார், சூ கார், மூங்கில் காட்டுக் கோவில் என்று பெயர் வரும் ஜூக் லாம், இரும்பு எருது, இவை அதன் கிளைகள். சௌ காரை ஹாங்காங்குக்குக் கொண்டுவந்தவர் லாவ் சுய், அவருக்குப் பின் யிப் சுய். ஜூக் லாமில் லாம் சாங் நியூயார்க் சீனர் தெருவில் சொல்லிக்கொடுத்தார்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். வடக்குக்காரர் அகலமாக நிற்பார், உதைப்பார், இடுப்பைத் திருப்பி எட்டிப் போவார். நாங்கள் குறுகலாக நிற்போம். முதுகு வளைந்து தோள் முன்னே வந்திருக்கும், மார்பு உள்ளே போயிருக்கும், இரண்டு முழங்கைகளும் நடுவுக்கு நெருங்கியிருக்கும். குத்தும் கையில் ஆள்காட்டி விரலின் கணு மட்டும் துருத்தியிருக்கும், பீனிக்ஸ் கண் என்பார்கள். சாம் போ சின் என்பதுதான் முதல் வரிசை, மூன்றே அடி முன்னே போவது. தாத்தா எனக்கு முதல் வருடம் முழுக்க அதை மட்டுமே கொடுத்தார். சமையலறையில், அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில், அந்த இடம் போதும் என்பார். போதுமானதாகத்தான் இருந்தது.

எங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று பார்த்தால் பக் மெய், அதாவது வெண்புருவம், அப்புறம் டிராகன் பிரிவு. அதே ஆற்றுப் பக்கத்துக் கலைகள், அதே வளைந்த முதுகு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏழு நட்சத்திரத்தோடு சேர்த்துப் பட்டியல் போடுகிறார்கள். தாத்தாவிடம் ஒரு தடவை வடக்குப் பிரிவின் படம் ஒன்றைக் காட்டி, இதுவும் கும்பிடுபூச்சியாம் என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்ல கால்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

#14 குமரேசன்

கடைசியாக ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். இத்தனையில் சண்டைக்கு எது நல்லது?

#15 செந்தூரன்

தம்பி, இதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். எங்கட வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் கையுறை போட்டு நேரடியாக மோதுவோம். அங்கே எட்டடி, ஏழு நட்சத்திரம் எதுவும் தெரியாது. யார் ஒழுங்காக வாரா வாரம் மோதினவர் என்பது மட்டும் தெரியும். கொக்கி போடும் கைக்கு உள்ளே நெருக்கமாகப் போக வேணும், போகிற வழியில் இரண்டு குத்து வாங்க வேணும். வாங்கிப் பழகாதவன் எந்தப் பிரிவில் இருந்தாலும் பின்னாலேயே போவான்.

#16 வடகரையான்

செந்தூரன் சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். இன்னொன்றும் சேர்க்கிறேன். ஹாங்காங் வழி ஏழு நட்சத்திரத்தில் வரிசைகள் ஏராளம். லுவோவின் மாணவர் வோங் ஹோன் ஃபான் அவற்றைப் பற்றி நிறைய நூல்கள் எழுதி வைத்தார், அந்த உழைப்புக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். ஆனால் அவ்வளவு வரிசையும் கற்க ஆசைப்பட்டு, எதையும் இன்னொரு ஆள்மேல் செய்து பார்க்காமல் பத்து வருடம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் எட்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். யந்தாயில் அந்தப் பெரியவர் மார்பில் தட்டியபோது நான் முப்பதுக்கும் மேல் வரிசைகள் தெரிந்தவன். அவருக்கு எத்தனை தெரியும் என்று கேட்டேன். ஒரு கை விரல்களை மட்டும் காட்டினார்.

#17 மீனா கிள்ளான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

துணிந்து சிஃபுவிடமே கேட்டேன்: பழைய பெங்பூவை விட்டுவிட வேண்டுமா? அவர் பதில் சொல்லாமல் தன் மூத்த மாணவரை என் எதிரே நிறுத்தி, “உன் பழைய வகுப்பில் செய்வது போல அவனைப் பிடி” என்றார். கோ, லோ, ட்சாய் செய்தேன். குதிகாலை ஊன்றினேன். மூத்தவர் முன்கால் மாட்டிக்கொண்டது, தடுமாறி ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டார். சிஃபு கிட்ட வந்து குனிந்து என் பாதத்தையே பார்த்தார். “இங்கேயிருந்து கிளம்பு” என்றார். அதாவது பூட்டியபின் நிற்காமல், அந்தப் பூட்டை அச்சாக வைத்து உள்ளே சுழல வேண்டும். ஒரு மணி நேரம் அதை மட்டும் செய்தோம். ஏழாவது எட்டாவது தடவையில் இடுப்பு தானாகத் திரும்பியது, கை இரண்டு தடவை போய் வந்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

கடைசியில் அந்த மூத்தவருக்குக் குதிகால் நிலையைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார், என்னை.

#18 வடகரையான்

மீனா, இன்று எனக்கு நல்ல நாள். ஒரு வேலை மட்டும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். உங்கள் பழைய பெங்பூவை முதலிலிருந்து கடைசிவரை, புதியது கலப்பதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தக் கால் முன்னால், எந்தத் திசை பார்த்து, எங்கே நின்றீர்கள் என்பதோடு. படமும் பிடித்து வையுங்கள். ஆறு மாதம் போனால் எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல வராது. அப்புறம் உங்கள் பழைய சிஃபுவுக்கு ஒரு செய்தி அனுப்பி, மூத்தவர் கையை ஊன்றியதைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டும்.

#19 மீனா கிள்ளான்

அனுப்பிவிட்டேன் அண்ணா. “பின்கால் குதிகாலைத் தூக்கினாயா?” என்று மட்டும் பதில் வந்தது. தூக்கியிருந்தேன்.